ஆர்தர் ரோசன்ஃபெல்டும் கட்டடங்களின் மின்செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடக்கலை மாணவர்களுக்கும் இயந்திரவியல் மாணவர்களுக்கும் கட்டட இயற்பியல் கற்பிக்கும்போது, ஆர்தர் ரோசன்ஃபெல்டின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை என்னால் நடத்த முடிவதில்லை. அவரைப் பற்றிச் சொன்னதும் எழும் ஐயங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ அவையேதான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

யார் இந்த ரோசன்ஃபெல்ட்? கட்டடப் பொறியாளரா?

இல்லை, அவர் துகள் இயற்பியலாளர். 1926இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்காமில் பிறந்து, 1954இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் என்ரிகோ ஃபெர்மியிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கலிபோர்னியாவின் பெர்க்லிக்கு வந்து, 1968இல் நோபல் பரிசு பெற்ற லூயிஸ் ஆல்வாரஸின் குழுவில் பணியாற்றினார். அடிப்படைத் துகள்களின் நிறை, ஆயுள் முதலிய அளவுகளை உலகெங்குமிருந்து திரட்டி, சரிபார்த்து, அட்டவணையாக்கும் வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த அட்டவணை இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. துகள் இயற்பியலில் இருப்பவர்கள் அதை நாள்தோறும் புரட்டுகிறார்கள்.

துறை மாறியபோது அவருக்கு வயது 47. அதற்குப் பின் 2017 ஜனவரியில் தம் 90ஆம் வயதில் மறையும்வரை, கட்டடங்களும் அவற்றுக்குள் இருக்கும் சாதனங்களும் எவ்வளவு ஆற்றலை உண்கின்றன, அதில் எவ்வளவு தேவையற்றது என்பதையே ஆராய்ந்தார்.

கட்டடத்தில் மின்சாரத்தைக் குறைப்பது என்றால் ஃபேனை அணைத்துவிட்டுப் புழுக்கத்தில் உட்காருவதுதானே?

எண்ணெய் நெருக்கடி வந்த 1970களில் பல அமெரிக்கர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்: குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டைக் குறைத்துக்கொண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று. ரோசன்ஃபெல்டின் வழி வேறு. அறையில் அதே வெளிச்சம் இருக்க வேண்டும், அதே குளிர்ச்சி இருக்க வேண்டும், பால் கெடாமல் இருக்க வேண்டும். இவற்றை இயற்பியல் விதிகள் அனுமதிக்கும் மிகக் குறைந்த ஆற்றலில் பெறுவது எப்படி என்பதே அவர் கேட்ட கேள்வி. வசதியைக் குறைக்கச் சொல்லும் திட்டம் நெருக்கடி தீர்ந்ததும் மறக்கப்பட்டுவிடும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

துகள் இயற்பியலில் நல்ல பெயரோடு இருந்தவர், எதற்காக அதை விட்டுவிட்டு வந்தார்?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, தம் அறை விளக்குகள் வார இறுதி முழுவதும் வீணாக எரிந்தால் அதற்கு எவ்வளவு எரிபொருள் ஆகும் என்று ரோசன்ஃபெல்ட் மனக்கணக்குப் போட்டார். ஏறக்குறைய 5 காலன், அதாவது 19 லிட்டர் எண்ணெய்க்கு ஈடாக வந்தது. ஆளில்லாமல் விளக்கெரிந்த அறைகள் அந்தத் தளத்தில் 20 இருந்தன. எல்லாவற்றையும் அணைக்கப் போனபோது, பல அறைகளில் சுவிட்சுகளே கண்ணில் படவில்லை; அலமாரிகளுக்கும் புத்தக அடுக்குகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பின்னால் மறைந்துகிடந்தன. தேடி அணைக்க 20 நிமிடம் ஆனது. மிச்சமானது 100 காலன் எண்ணெய்க்கு ஈடான ஆற்றல்.

மாணவர்கள் இதை ஒரு சுவையான சம்பவமாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது அந்த அலமாரிகளைத்தான். சுவிட்சை யாருமே தொடுவதில்லை என்பதால் அதை மறைத்து அலமாரி வைப்பதில் எவருக்கும் தடை தோன்றவில்லை. மின்சாரம் அவ்வளவு மலிவு, அதைப் பற்றிய சிந்தனை அவ்வளவு அரிது. தனிமனிதரின் சோம்பலைக் காட்டிலும், கட்டடமே விளக்கை அணைக்க இடங்கொடாதபடி அமைந்திருந்தது பெரிய குறை. அடுத்த ஆண்டு பிரின்ஸ்டனில், ஆற்றலைத் திறமையாகப் பயன்படுத்துவது குறித்து அமெரிக்க இயற்பியல் கழகம் ஒரு கோடைக்கால ஆய்வரங்கை நடத்தியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர். அங்கிருந்து திரும்பியவர் துகள்களிடம் மீண்டும் போகவில்லை.

சரி, அவர் என்னதான் கண்டுபிடித்தார்?

இந்தக் கேள்விக்கு ஒரு பொருளைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. 1970களின் நடுவில் இன்றைய லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் அவர் உருவாக்கிய கட்டட அறிவியல் மையம், அவர் தலைமையில் 1994 வரை இயங்கியது. டியூப்லைட்டுக்கான எலக்ட்ரானிக் சோக், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் ஜன்னல் கண்ணாடி, கட்டடத்தின் ஆற்றல் தேவையை முன்கூட்டியே கணிக்கும் கணினி நிரல் ஆகியவை அங்கே வளர்ந்தவற்றுள் முக்கியமானவை. சோக்குக்குச் சாம் பெர்மனும், கண்ணாடிக்கு ஸ்டீபன் செல்கோவிட்சும் பெரும்பங்கு ஆற்றினார்கள். எந்தக் கேள்வி பெரியது என்று எண்களால் காட்டுவது, அதற்கு ஆளையும் பணத்தையும் சேர்ப்பது, வந்த விடையைச் சந்தைக்கும் சட்டத்துக்கும் கொண்டுபோவது ஆகியவை ரோசன்ஃபெல்டின் பங்கு. என் கணிப்பில், கடைசியாகச் சொன்னதே மூன்றிலும் அரியது.

எலக்ட்ரானிக் சோக்கில் அப்படி என்ன பெரிய விஷயம்?

பழைய வீடுகளில் டியூப்லைட் பட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சோக் இருக்கும் இடம் சுடும், மெல்லிய ரீங்காரமும் கேட்கும். இரும்புத் தகடுகளின் மேல் கம்பி சுற்றிய அந்தச் சோக், 40 வாட் விளக்குக்கு 10 முதல் 15 வாட் வரை வெறும் வெப்பமாக வீணடித்தது. அதோடு, நம் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுவதால், ஒவ்வொரு மாற்றத்திலும் குழலுக்குள் இருக்கும் வாயு சற்றே தணிந்து மீண்டும் தூண்டப்பட வேண்டியிருந்தது. மின்னணுச் சுற்றின் வழியே அதை நொடிக்கு 20,000 முறைக்கு மேல் மாற்றினால், வாயுவுக்குத் தணிய நேரம் கிடைப்பதில்லை. அதே மின்சாரத்தில் சுமார் 10 சதவீதம் கூடுதல் வெளிச்சம் கிடைக்கிறது. சோக்கில் வீணாவதும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து கால்பங்குக்கு மேல் மிச்சம், நடுக்கமில்லாத வெளிச்சம், ரீங்காரமும் இல்லை.

பெரிய விளக்கு நிறுவனங்கள் இதில் ஆர்வம் காட்டாதபோது, பெர்க்லி ஆய்வகம் சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து மாதிரிகளைச் செய்ய வைத்து, உண்மையான அலுவலகத்தில் மாட்டி அளந்து காட்டியது. பிற்காலத்தில் இந்தச் சுற்றைச் சிறியதாக்கி விளக்கின் அடிப்பகுதிக்குள்ளேயே வைத்ததால்தான், நம் வீடுகளில் எல்.இ.டி.க்கு முன் எரிந்த சி.எஃப்.எல். விளக்குகள் இன்றைய வடிவம் பெற்றன.

ஜன்னல் கண்ணாடியில் வெள்ளி பூசினால் அறை இருட்டாகிவிடாதா?

ஆகாது, பூச்சின் தடிமன் பத்து, இருபது நானோமீட்டர் அளவிலேயே இருக்கும்வரை. அவ்வளவு மெல்லிய வெள்ளிப் படலம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விட்டுவிட்டு, வெப்பத்தைச் சுமக்கும் அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இதை வைத்துவிட்டால், பனிக்கால இரவில் அறையின் சூடு வெளியே போவது வெகுவாகக் குறையும்.

நம் ஊருக்கு அந்தக் கண்ணாடியை அப்படியே வாங்கி மாட்டுவது தவறு. குளிர்நாட்டுக்கானது சூரிய வெப்பத்தை உள்ளே விடுமாறு செய்யப்பட்டிருக்கும். வெயில் நாட்டுக்கு, சூரியனின் அகச்சிவப்புப் பகுதியையும் தடுக்கும் பூச்சு வேண்டும். கண்ணாடி வாங்கும்போது சூரிய வெப்பம் எவ்வளவு உள்ளே வரும் என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைவிடவும் முதலில், ஜன்னலுக்கு மேல் நிழல்தரும் தளநீட்டம் போதுமான அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கணினி நிரலால் எப்படி மின்சாரம் மிச்சமாகும்?

நிரலால் ஆகாது, அதை நம்பி எழுதப்பட்ட விதியால் ஆகும். 1970களின் பிற்பகுதியில் பெர்க்லியில் உருவான டி.ஓ.ஈ.-2 என்ற நிரல், ஒரு கட்டடத்தின் சுவர், ஜன்னல், கூரை, ஆட்கள், விளக்குகள், ஊரின் தட்பவெப்பம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஆண்டின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எவ்வளவு குளிரூட்ட வேண்டும், எவ்வளவு சூடேற்ற வேண்டும் என்று கணக்கிட்டது. கலிபோர்னியா 1978இல் தன் கட்டட ஆற்றல் விதிகளைக் கொண்டுவந்தபோது, இன்ன தடிமன் வெப்பக்காப்பு, இத்தனை சதுர அடி ஜன்னல் என்று மட்டும் கட்டளையிடாமல், மொத்தச் செலவு இந்த வரம்புக்குள் இருக்கட்டும், எப்படி அடைவது என்பது உங்கள் விருப்பம் என்றும் சொல்ல முடிந்தது. நம்பகமான கணிப்பு முறை இல்லாமல் அப்படி ஒரு விதியை எழுதவே முடியாது. கட்டடக் கலைஞருக்குக் கைகட்டு அவிழ்ந்தது.

அந்த நிரலின் வழித்தோன்றலான எனர்ஜிபிளஸ் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் கல்லூரிக் கணினியிலேயே ஓடும்.

ஃபிரிட்ஜுக்கும் கட்டட ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

கட்டடத்துக்குள் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் சாதனம் அது. 1970களின் நடுவில் விற்ற சராசரி அமெரிக்க ஃபிரிட்ஜ் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் இழுத்தது. ஏன் அவ்வளவு என்று திறந்து பார்த்தால் வேதனையாக இருக்கும். கொள்ளளவைக் கூட்டுவதற்காகச் சுவரை மெல்லியதாக்கினார்கள். சுவர் மெலிந்ததும் வெளிப்புறம் குளிர்ந்து கதவோரம் வியர்த்தது. வியர்வையைப் போக்கக் கதவுச் சட்டத்துக்குள் ஒரு சூடேற்றும் கம்பியைப் பதித்தார்கள். அந்தச் சூடு உள்ளேயும் போனதால் மோட்டார் இன்னும் அதிகம் ஓடியது. குளிர்விக்கும் பெட்டிக்குள் ஒரு ஹீட்டர், அதற்கும் சேர்த்துக் கட்டணம்!

ரோசன்ஃபெல்டும் அவருடைய மாணவர் டேவிட் கோல்ட்ஸ்டீனும் சந்தையில் இருந்த மாடல்களின் விலையையும் மின்செலவையும் ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். விலைக்கும் திறனுக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஒரே கொள்ளளவில், ஏறக்குறைய ஒரே விலையில், மிகச் சிக்கனமானதும் படுமோசமானதும் அடுத்தடுத்து நின்றன. மோசமானவற்றைச் சந்தையிலிருந்து விலக்கினால் வாங்குபவருக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை என்பது இதன் பொருள். அப்போது கலிபோர்னியாவில் சன்டெசர்ட் என்ற அணுமின் நிலையத்தைக் கட்டும் திட்டம் பரிசீலனையில் இருந்தது. ஃபிரிட்ஜுக்கு ஒரு குறைந்தபட்சத் தரத்தை விதித்தாலே அந்த நிலையம் தருவதைவிட அதிகமாக மிச்சமாகும் என்று ஆளுநர் ஜெர்ரி பிரவுனிடம் ரோசன்ஃபெல்ட் எடுத்துச் சொன்னார். 1976இல் தரம் அறிவிக்கப்பட்டது. சன்டெசர்ட் கட்டப்படவே இல்லை.

விலை ஏறிவிடும் என்று கம்பெனிகள் சண்டை போடவில்லையா?

போட்டன. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விதிகள் வந்துவிட்டால் தொழிலே நடத்த முடியாது என்று உணர்ந்ததும், நாடு முழுவதற்கும் ஒரே தரம் வேண்டும் என்று அவையே பேச்சுவார்த்தைக்கு வந்தன. 1987இல் நாடளாவிய சாதனத் தரச் சட்டத்தில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். 1990, 1993, 2001 என்று ஃபிரிட்ஜுக்கான தரம் படிப்படியாக இறுகியது. 2001இன் தரப்படி ஆண்டுச் செலவு 500 யூனிட்டுக்கும் கீழே வந்தது. இடைப்பட்ட காலத்தில் பெட்டியின் கொள்ளளவு கூடியது; பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலை குறைந்தது. நல்ல நுரைக்காப்பும் நல்ல கம்ப்ரஸரும் பெருமளவில் உற்பத்தியானதும் மலிவாகிவிட்டன.

'மிச்சப்படுத்திய யூனிட்டின் விலை' என்று ஒன்றைச் சொல்கிறீர்களே, இல்லாத யூனிட்டுக்கு எப்படி விலை?

ஒரு சிறிய கணக்கு போடுவோம்; எண்கள் வெறும் எடுத்துக்காட்டுக்காக. சிக்கனமான ஒரு சாதனம் 2,000 ரூபாய் அதிகம். பத்து ஆண்டுகள் உழைக்கும். ஆண்டுக்கு 200 யூனிட் மிச்சம். வட்டியை இப்போதைக்கு விட்டுவிட்டால், 2,000 யூனிட்டைத் தவிர்க்க 2,000 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு ஒரு ரூபாய். புதிய மின்நிலையம் கட்டி ஒரு யூனிட்டை உங்கள் வீடுவரை கொண்டுவர அதைவிட அதிகம் ஆகுமானால், சமுதாயத்துக்கு மலிவான 'மின்நிலையம்' அந்தச் சாதனமே.

பெர்க்லி குழுவில் ஆலன் மையர், ஜானிஸ் ரைட், ரோசன்ஃபெல்ட் ஆகியோர் இப்படி ஒவ்வொரு வழிமுறைக்கும் விலை கணக்கிட்டு, மலிவானதிலிருந்து செலவு கூடியது வரை வரிசையாக அடுக்கி, 1980களின் தொடக்கத்தில் வரைபடங்களாக வெளியிட்டார்கள். நிலக்கரியையும் நீர்மின்சாரத்தையும் ஒப்பிடும் அதே தாளில் மிச்சத்தையும் வைத்து ஒப்பிட முடிந்தது. சிக்கனம் ஒரு நல்லொழுக்கம் என்ற நிலையிலிருந்து, வாங்கவும் விற்கவும் திட்டமிடவும் கூடிய ஒரு வளம் என்ற நிலைக்கு வந்தது இதனால்தான். அவருடைய பணிகளில் நான் மிகவும் மதிப்பது இது.

மின்சாரம் விற்கிற கம்பெனி தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமா?

விற்பனை கூடினால் லாபம் கூடும் என்ற ஏற்பாடு இருக்கும்வரை குறைத்துக்கொள்ளாது. கலிபோர்னியா அந்த முடிச்சை அவிழ்த்தது. 1978இல் எரிவாயுவுக்கும் 1982இல் மின்சாரத்துக்கும், நிறுவனம் எவ்வளவு வருவாய் பெறலாம் என்பதை ஒழுங்குமுறை ஆணையம் முன்கூட்டியே நிர்ணயித்தது. விற்பனை அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும், அடுத்த ஆண்டின் கட்டணத்தில் அது சரிக்கட்டப்பட்டது. இது ரோசன்ஃபெல்ட் ஒருவரின் சாதனை அன்று. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன கணக்குக்கு நடைமுறையில் உயிர் கொடுத்தது இந்த ஏற்பாடு.

'ரோசன்ஃபெல்ட் விளைவு', 'ஒரு ரோசன்ஃபெல்ட்', 'ரோசன்ஃபெல்ட் விதி' எல்லாம் ஒன்றா?

மூன்றும் வேறு வேறு. 1970களின் நடுவிலிருந்து கலிபோர்னியாவில் ஆளுக்கு ஆண்டுதோறும் ஆகும் மின்சாரம் சுமார் 7,000 யூனிட் என்ற அளவிலேயே நின்றுவிட, நாட்டின் சராசரி 8,000 அளவிலிருந்து 12,000 வரை ஏறியது. வரைபடத்தில் தெரியும் இந்த இடைவெளியே 'விளைவு'. ஒரு டாலர் மதிப்புள்ள உற்பத்திக்குத் தேவைப்படும் ஆற்றல் 1845 முதல் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைந்து வந்திருக்கிறது என்பது 'விதி'.

'ஒரு ரோசன்ஃபெல்ட்' என்பது அலகு. 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஓராண்டில் தருவதற்கு ஈடான 300 கோடி யூனிட் மிச்சத்தை அப்படி அழைக்கலாம் என்று, ஜொனாதன் கூமியும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களும் 2010இல் முன்மொழிந்தார்கள். சரிபார்ப்பது எளிது: 500 மெகாவாட்டை ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கி, நிலையம் 70 சதவீத அளவுக்கு ஓடும் என்று எடுத்து, கம்பியில் 7 சதவீதம் போகும் என்று கழித்தால், சற்றேறக்குறைய அந்த எண் வரும். கரியமில வாயுவில் இது ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன்.

கலிபோர்னியாவில் வெயிலும் குறைவு, கனரகத் தொழிற்சாலையும் குறைவு. எல்லாவற்றையும் இவர் கணக்கில் எழுதுவது சரியா?

சரியன்று. இதை வகுப்பில் யாரும் கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுவேன். ஸ்டான்ஃபோர்டில் அனந்த் சுதர்சன் இந்த இடைவெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தார். கடலோரத்தின் மிதமான தட்பவெப்பம், வீட்டுக்கு எத்தனை பேர், எந்த வகைத் தொழில்கள், என்ன கட்டணம் ஆகியவற்றைக் கழித்தபின், கொள்கைகளால் வந்தது என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய கால்பங்கு என்று கண்டார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஆரிக் லெவின்சன் இன்னும் கடுமையாகச் சொன்னார்: 1978இன் விதிக்குப் பின் கட்டிய வீடுகள், அதற்கு முன் கட்டியவற்றைவிடக் குறைவாக மின்சாரம் பயன்படுத்துகின்றன என்பதற்குத் தெளிவான சான்று தமக்குக் கிடைக்கவில்லை என்றார்.

என் கருத்து இது. வரைபடத்தின் முழு இடைவெளியையும் ஒரு மாநிலத்தின் சாமர்த்தியம் என்று மேடையில் காட்டுவதை நிறுத்த வேண்டும். கால்பங்கே ஆனாலும், சுமார் நான்கு கோடி மக்கள் வாழும் மாநிலத்தில் அது பல மின்நிலையங்களுக்குச் சமம். ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை இந்தச் சர்ச்சையே எழாது. ஒரு பெட்டியின் செலவை ஆய்வகத்தில் மீட்டர் வைத்து அளந்துவிடலாம். கட்டட விதியைப் பொறுத்தவரை, கணினியில் கணித்த மிச்சம் வீட்டில் உண்மையாகவே வருகிறதா என்று பின்தொடர்ந்து அளக்காதவரை கணிப்பை நம்பக் கூடாது என்பதே லெவின்சனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

திறன் கூடினால் செலவு குறையும், செலவு குறைந்தால் இன்னும் அதிகம் ஓட்டுவோமே? ஜெவன்ஸ் சொன்னது பொய்யா?

1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், நீராவி எந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக இங்கிலாந்தின் நிலக்கரிச் செலவு கூடியே வருகிறது என்று காட்டினார். அது பொய்யன்று. ஆனால் எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜ் சிக்கனமாகிவிட்டது என்பதற்காக யாரும் அதை நாளுக்கு 30 மணி நேரம் ஓட்ட முடியாது. அலுவலக விளக்குக்கும் ஏறக்குறைய அப்படியே.

ஏசியின் கதை வேறு. கட்டணத்துக்குப் பயந்து இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டிய குடும்பம், இன்வெர்ட்டர் ஏசி வாங்கியபின் விடியும்வரை ஓட்டும். மின்சாரம் எதிர்பார்த்த அளவு குறையாது. ஆனால் அந்தக் குடும்பத்துக் குழந்தை நன்றாகத் தூங்குகிறது. அதை இழப்பாக எழுத எனக்கு மனம் வராது. முன்கணிப்பு எழுதும்போது இந்தப் பங்கை நேர்மையாகக் கழித்துக் காட்ட வேண்டும், அவ்வளவே.

காற்றுப் புகாமல் வீட்டை அடைத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லையா?

உண்டு. பெர்க்லி குழுவே அதைத் தொடக்கத்திலேயே எடுத்து ஆராய்ந்தது. இடுக்குகளை அடைத்தால் சூடு வெளியே போகாது. ஆனால் மண்ணிலிருந்து கசியும் கதிரியக்கமுள்ள ரேடான் வாயுவும், ஒட்டுப்பலகைகளிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடும், சமையல் புகையும் வெளியே போகாது. அதனால் கசிவை அடைத்துவிட்டு, வேண்டிய அளவு புதுக்காற்றை ஒரு வழியாக உள்ளே விடுவது, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றுவது என்ற முறை வளர்ந்தது. நம் ஊரில் ஏசி அறையை அடைத்துக்கொண்டு பலர் தூங்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

வெள்ளைக் கூரை என்று பெரிதாகப் பேசினாராமே, அது நம் மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடிப்பதுதானே?

அடிப்படை ஒன்றே. வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரை சூடேறாது. ரோசன்ஃபெல்டும் ஹாஷெம் அக்பரியும் அவர்களுடைய குழுவும் செய்தது, அதை அளந்து எண்ணாக்கியது. எந்தப் பூச்சு எத்தனை சதவீதம் திருப்பி அனுப்புகிறது, தூசும் மழையும் பட்டபின் எவ்வளவு மிஞ்சுகிறது, கீழ்த்தளத்தின் ஏசிச் செலவு எவ்வளவு குறைகிறது, ஊர் முழுவதும் செய்தால் ஊரின் வெப்பநிலை எவ்வளவு தணியும் என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். 2005இலிருந்து கலிபோர்னியாவின் விதிகள் வணிகக் கட்டடங்களின் தட்டைக் கூரைகளுக்கு இத்தகைய பூச்சை எதிர்பார்த்தன. 2009இல் அக்பரி, சுரபி மேனன், ரோசன்ஃபெல்ட் மூவரும், உலக நகரங்களின் கூரைகளையும் சாலைகளையும் வெளிர்நிறமாக்கினால் ஒருமுறைப் பயனாக 4,400 கோடி டன் கரியமில வாயுவை ஈடுகட்டலாம் என்று மதிப்பிட்டார்கள்.

ஹைதராபாத்தில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் அங்குள்ள ஐ.ஐ.ஐ.டி.யும் (தகவல் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம்) சேர்ந்து கூரைகளில் சோதனை நடத்தின. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது.

ஆராய்ச்சியாளர் அரசுப் பதவிக்குப் போனால் ஆராய்ச்சி கெட்டுவிடாதா?

சிலருக்குக் கெடலாம். ரோசன்ஃபெல்ட் 1994 முதல் 1999 வரை வாஷிங்டனில் எரிசக்தித் துறையின் ஆலோசகராகவும், 2000 முதல் 2010 வரை கலிபோர்னிய எரிசக்தி ஆணையத்தின் உறுப்பினராகவும் இருந்தார். ஆணையத்தில் சேரும்போது வயது 73. ஜனநாயகக் கட்சி ஆளுநர் நியமித்தவரை அடுத்து வந்த குடியரசுக் கட்சி ஆளுநர் ஷ்வார்ஸ்நேகரும் மறுநியமனம் செய்தார் என்பதிலிருந்து, அவர் எண்களை இரு தரப்பும் நம்பினார்கள் என்று தெரிகிறது. 2001இன் மின்வெட்டு நெருக்கடி, சார்ஜர்களுக்கான தரம், 2009இல் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான தரம் எல்லாம் அந்தப் பதவிக்காலத்தில் வந்தவை.

ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணம் வீணா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2001இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 22 ஆண்டுகளில் ஆற்றல் திறன் ஆராய்ச்சிக்கு அரசு செலவிட்டது சுமார் 700 கோடி டாலர். குழு ஆராய்ந்து பார்த்த திட்டங்கள் மட்டுமே தந்த நிகரப் பயன் சுமார் 3,000 கோடி டாலர். அதில் மிகப் பெரும்பகுதி ஃபிரிட்ஜ், எலக்ட்ரானிக் சோக், வெப்பம் தடுக்கும் கண்ணாடி ஆகிய மூன்றிலிருந்து வந்தது. 2005ஆம் ஆண்டுக்கான ஃபெர்மி விருது, தம் ஆசிரியரின் பெயரிலேயே அமைந்த விருது, அவருக்குக் கிடைத்தது. 2013இல் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை வழங்கினார்.

இந்தியாவில் இவருடைய வேலையின் தொடர்ச்சி என்று எதையாவது காட்ட முடியுமா?

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் இருக்கும் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். 2001இன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002இல் அமைந்த எரிசக்தித் திறன் செயலகம் 2006இல் அதைத் தொடங்கியது. 2007இல் வணிகக் கட்டடங்களுக்கும் 2018இல் குடியிருப்புகளுக்கும் ஆற்றல் விதித்தொகுப்புகள் வந்தன. ரோசன்ஃபெல்ட் நேரடியாக எழுதியவை அல்ல இவை. ஆனால் அளவிடு, முத்திரையிடு, மோசமானதை விலக்கு என்ற வரிசை அதுவே.

ஆள் வழித் தொடர்பும் உண்டு. மும்பையில் பிறந்த அசோக் காட்கில் பெர்க்லியில் 1979இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, ரோசன்ஃபெல்டின் வழியில் கட்டட ஆற்றல் ஆராய்ச்சிக்கு வந்தவர். இந்திய வீடுகளுக்குச் சிக்கன விளக்குகளைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்று ஆராய்ந்தார். புற ஊதாக் கதிரால் குடிநீரைத் தூய்மையாக்கும் மலிவான கருவியையும் உருவாக்கினார். பிற்காலத்தில் பெர்க்லி ஆய்வகமும் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகமும் தலைமையேற்று, கட்டட ஆற்றலுக்கான இந்திய-அமெரிக்கக் கூட்டு ஆய்வு மையத்தை நடத்தின.

நான் இந்தத் துறைக்கு வர வேண்டுமானால் என்ன படிக்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும்?

இயற்பியல், இயந்திரவியல், கட்டடக்கலை, மின்னியல், பொருளியல் ஆகிய எதிலிருந்தும் வரலாம். பெர்க்லி குழுவில் இவர்கள் எல்லோரும் இருந்தார்கள். வெப்பப் பரிமாற்றம், புள்ளியியல் இரண்டும் கைவசம் இருக்க வேண்டும். செப்ட் பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யிலும் இதற்கென்றே ஆய்வு மையங்கள் இருக்கின்றன. படிப்போடு எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வையும் எழுதிவைப்பது வேலைக்கு உதவும்.

தொடங்குவதற்கு அனுமதியோ நிதியோ தேவையில்லை. கான்கிரீட் தளம் பகல் வெயிலை விழுங்கிவைத்து, பொழுது சாய்ந்தபின் கீழே விடுகிறது. மேல்தளத்து வீட்டில் இரவு பத்து மணிக்கு இருக்கும் வெக்கை அதனால்தான். விலை மலிவான வெப்பநிலைப் பதிவுக் கருவிகள் இரண்டை வாங்கி, ஒரே கட்டடத்தின் ஒரே திசையில் உள்ள இரு மேல்தள அறைகளின் உட்கூரையில் ஒட்டுங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பதிவு செய்து, இரண்டுக்கும் இயல்பாகவே எவ்வளவு வேறுபாடு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஒன்றின் மேல் மட்டும் வெள்ளைப் பூச்சு அடித்து, மீண்டும் பதிவு செய்யுங்கள். வேறுபாடு கூடியதா, எந்த மணி நேரத்தில் கூடியது, மழை பெய்த நாளில் என்ன ஆனது என்று எழுதிவையுங்கள். மின்மீட்டர் கணக்கையும் அதே தாளில் குறியுங்கள். பூச்சு அழுக்கான அடுத்த ஆண்டு அதே மாதத்தில் இதையே திரும்பச் செய்பவர்கள் மிகக் குறைவு, அந்த இரண்டாம் ஆண்டுக் கணக்கே நமக்கு அதிகம் தேவைப்படுகிறது.